பலா, ரெண்டு வருஷம்

காலை ஏழரை மணிக்கு விஜயராணி பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்று, தரையில் கிடத்திய வாகைப் பலகையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். வெயில் நேராக விழுந்தால் மரத்தின் வரிகள் வெளுத்துவிடும். நிழல் கூடினால் கறுத்துவிடும். அரியமங்கலத்து வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் இரண்டுக்கும் நடுவே கிடைப்பது இருபது நிமிஷம். அதற்குள் தோசை கேட்டு யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

"கல்யாணப் பொண்ணக்கூட இத்தன தடவ எடுக்க மாட்டாங்க" என்பார் கணவர் சரவணன், பொன்மலை ரயில்வே பணிமனைக்குக் கிளம்பிக்கொண்டே.

"பேசாம டிபன் பாக்ஸ எடுத்துட்டுக் கிளம்புங்க." கண் போனை விட்டு நகராது.

விஜயராணி துவாக்குடியில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இரும்பு கடைந்தவர். தோசைக்கு ஊற்றும் எண்ணெய்கூட அவருக்கு எம்.எம். கணக்குத்தான். நாற்பத்திரண்டாவது வயதில் வேலையை விட்டுவிட்டு மர லேத் வாங்கினார். சின்னச் சின்னத் துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையத்தின் மேல் வளையம் அடுக்கிக் கடைந்தால் ஒரு கிண்ணம். அறுப்பதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் காட்ட ஒரு மென்பொருள் உண்டு. அதில் இருந்ததெல்லாம் மேப்பிள், வால்நட், செர்ரி. "திருச்சியில யாரு வீட்டு வாசல்ல வால்நட்டு நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே, நம்மூர் மரங்களைத் தானே படமெடுத்து ஏற்ற உட்கார்ந்தார்.

முதல் நாள் நடந்தது ஒரே கூத்து. ஓர் அடிப் பலகையின் வரிகள் மொத்தமும் திரையில் ஓர் அங்குலத் துண்டுக்குள் டவுன் பஸ் கூட்டமாக நெருக்கிக்கொண்டு நின்றன. மறுநாளிலிருந்து பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, அளந்து வெட்டி ஏற்றினார். மருங்காபுரி வேம்பு, புதுக்கோட்டைப் பலா என்று இதுவரை பதினோரு மரம் ஏறியிருக்கிறது.

புத்தூரில் கஃபே நடத்தும் ரேஷ்மா, திரையில் பலாவின் எலுமிச்சை மஞ்சளைப் பார்த்து மயங்கிப் பத்துக் கிண்ணம் வாங்கினார். இன்னும் நாற்பது வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நாலு மாதத்தில் போன் வந்தது.

"அக்கா, படத்துல மஞ்சளா இருந்துச்சு. இப்ப டீக்கறை மாதிரி இருக்கு. அந்த நாப்பது இப்போதைக்கு வேண்டாம்க்கா."

அறுத்த பலா நாளாக நாளாகப் பழுப்பாகும் என்பது விஜயராணிக்குத் தெரியாததல்ல. படம் பழுப்பாகாது என்பதுதான் தோன்றவில்லை. அறுத்த அன்றைக்கே படமெடுத்து ஏற்றியிருந்தார். இந்த நாற்பதும் போனால் லேத்துக்குத் துணி போர்த்திவிட்டு, மறுபடி யாருடைய ஷிப்டுக்காவது போய் நிற்கவேண்டும். பயம் இல்லாமல் இல்லை. அதைவிட ரோஷம் அதிகம்.

மரவாடி மரவாடியாக ஏறி இறங்கிப் பழைய பலாத் துண்டுகளைப் பொறுக்கி வந்தார். எந்த மாதம் அறுத்தது என்று கேட்பார். சொன்னதை நம்பாமல் இன்னொருவரிடம் போய்க் கேட்பார். அவற்றையும் படமெடுத்து ஏற்ற, இப்போது மென்பொருளின் பட்டியலில் பலா மட்டும் மூன்று: 'பலா, ஒரு நாள்', 'பலா, ஆறு மாசம்', 'பலா, ரெண்டு வருஷம்'. அப்புறம்தான் ரேஷ்மாவுக்குப் போன் போட்டு, ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

"மஞ்சளையே காட்டேன். ஆர்டர் கைக்கு வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்றார் சரவணன்.

"ஒரு தடவ தலகுனிஞ்சது போதுங்க."

ரேஷ்மா வந்தார். திரையில் முதலில் மஞ்சள் கிண்ணம் சுழன்றது.

"இதேதான்க்கா. நிறம் மாறாம இப்படியே இருக்கும்னா நாப்பதும் எடுத்துக்கறேன்."

இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஜயராணி 'ரெண்டு வருஷம்' என்பதைத் தட்டினார். கிண்ணம் பழுப்பானது.

"உங்க கடையில இருக்கப் போறது இதுதாங்க ரேஷ்மா. அந்த மஞ்சள் நாலு மாச விருந்தாளி. பிடிச்சிருந்தா இதப் பாத்து சொல்லுங்க."

ரேஷ்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. விஜயராணி மவுஸை அவர் பக்கம் தள்ளி வைத்தார். பொறுக்கி வந்த ரெண்டு வருஷப் பலாத் துண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.