எட்டுத் தூண் வீடு

எனக்குப் பொய் பிடிக்காது. எழுபத்தெட்டு வயதிலும் அப்படித்தான். இங்கே பதுளையில் மகன் வீட்டில் யாராவது கட்டிலில் படுத்துக்கொண்டே ஃபோனில் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொன்னால், பக்கத்தில் போய் நின்று, "இல்ல, படுத்திருக்கான்" என்று அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவேன். இந்தப் பழக்கம் மூன்றாம் வகுப்பில் வந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. படித்தவரைக்கும் ஒழுங்காகப் படித்தேன், அதில் குறை சொல்ல ஒருவராலும் முடியாது.

அப்போது நாங்கள் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரே மாஸ்டர். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். பிள்ளைகள் கற்பனையாக எதையாவது பேசினால் அவருக்கு ஆகாது. ஒருநாள் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து கரும்பலகையை மறைத்தது. "சேர், பனிக்குப் பசிக்குது, பலகையத் தின்னுது" என்றேன். உள்ளங்கையில் இரண்டு அடி விழுந்தது.

"பனிங்கிறது தண்ணி. தண்ணிக்கு வயிறு இருக்கா?"

"இல்ல சேர்."

"அப்ப உள்ளதச் சொல்லு. எத்தனைன்னு எண்ணிச் சொல்லு. எண்ணிக்கை இல்லாத பேச்சு வெறும் பேச்சு."

அன்றிலிருந்து நான் எதையும் எண்ணித்தான் பேசினேன்.

வீட்டில் அப்பா வேறு மாதிரி. நாளெல்லாம் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் தேயிலைச் செடி வெட்டிவிட்டு வந்து, அம்மா ரொட்டி சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைச் சூடு காட்டிக்கொண்டே, திருச்சிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்வார். எட்டுத் தூண், பன்னிரண்டு தென்னை, மூன்று கறவை மாடு. எல்லாவற்றையும் பெரியப்பா பார்த்துக்கொள்கிறாராம்.

"போன வாரம் ஆறு தூணுன்னீங்க" என்பாள் அம்மா.

"அது வெளிப்பக்கம். உள்ள ரெண்டு இருக்குல்ல."

"ஆமா, இந்த ஒத்தக் காம்பராவுக்குள்ள இருந்துக்கிட்டு நல்லா வையுங்க தூணு."

'என் ஊர்' என்று மாஸ்டர் பேசச் சொன்ன அன்று மற்றப் பிள்ளைகள் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். நான் தூண் எட்டு, தென்னை பன்னிரண்டு, மாடு மூன்று என்று அடுக்கினேன். மாஸ்டர் என் தோளில் தட்டினார். "இவளப் பாருங்க. இப்பிடித்தான் கணக்கோட பேசணும்." எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த வருடம்தான் தோட்டத்துச் சனங்களின் பிரஜாவுரிமை மனுக்களை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பதிவு கிடைத்தால் இந்த நாட்டுக்காரர்களாக இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் என்றைக்காவது கப்பல் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பேச்சு. இந்தியாவில் வீடு வாசல் இருக்கிறது என்று தெரிந்தால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மேசை இருந்தது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் என்பதால் விசாரணை அங்கேயே நடந்தது. அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மாஸ்டர் இரண்டு பக்கத்துக்கும் மொழி மாற்றிச் சொன்னார். அப்பா கடன் வாங்கிய கோட்டோடு நின்றார், பக்கத்தில் அம்மாவும் நானும். இந்தியாவில் ஒன்றும் இல்லை, யாரும் இல்லை என்றார். அதிகாரி தலையசைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். உன் ஊர் எது என்று மாஸ்டரிடம் கேட்கச் சொன்னார்.

நான் நிமிர்ந்து நின்று அன்று வகுப்பில் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு மாடு குறையவில்லை.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "இந்தத் தோட்டந்தான் தன் ஊர் என்கிறாள். வேறு ஊர் தெரியாதாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடையில் விளையாடி விளையாடி எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அது மாஸ்டருக்குத் தெரியாது. பனிக்குப் பசிக்குது என்றதற்கு அடித்த மனிதர், இத்தனை பேர் முன்னால் கூசாமல் பொய் சொல்கிறார்.

"இல்லைங்க ஐயா" என்று சிங்களத்தில் சொன்னேன். "சேர் மாத்திச் சொல்றாரு. எங்களுக்கு இந்தியாவுல வீடு இருக்கு. எட்டுத் தூணு."

அதிகாரியின் பேனா நின்றது. அப்புறம் மிகவும் மரியாதையாக என்னிடமே கேட்டார். யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பெரியப்பா. மாடு எத்தனை? மூன்று. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகிக்கொண்டே வந்தது. நகம் பதிந்த இடம் பிறகு இரண்டு நாள் வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னை அடிக்கவில்லை.

"வீடு இருக்குதானே அப்பா?"

"இல்ல தாயி."

"பெரியப்பா?"

"எனக்கு அண்ணனே கெடையாது. நான் பொறந்ததே இந்தக் காம்பராவுலதான். எங்கப்பா ஒரு வீட்டச் சொன்னாரு. தூணெல்லாம் நான் வச்சேன்."

 ஒரே நாளில் மாஸ்டரும் பொய்க்காரர், அப்பாவும் பொய்க்காரர். அன்று நான் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் இனிப் போவதில்லை என்று நானே முடிவு செய்தேன். யாரும் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு அப்பா அடுப்பங்கரையில் வாய் திறந்ததில்லை. ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். எந்த நாட்டுக்காரராகவும் இல்லாமலேயே செத்தும் போனார். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, நெடுங்காலம் கழித்துத்தான் கையில் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது.

அப்பாவின் மனுவுக்குப் பதில் விசாரணை முடிந்து சில மாதத்தில் வந்தது. இங்கிலீஷ் கடிதம். அதை வாசித்துச் சொல்ல மாஸ்டரே எங்கள் லயத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. அம்மா சாக்கை மடித்துப் போட்டாள். அப்பா தேத்தண்ணி கொடுத்தார்.

"தள்ளிட்டாங்களா சேர்?"

"தள்ளிட்டாங்க."

"என்ன காரணம்னு போட்டிருக்கு?"

மாஸ்டர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்தார். "காரணம் ஒண்ணும் போடல."

அப்பா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டார். பிறகு, "புள்ளைய ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க சேர். நீங்க சொல்லிக் குடுத்தத அப்பிடியே செஞ்சிருச்சு" என்றார்.

மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை அடிக்கிறவர் தாமே பொய் சொல்லிப் பிடிபட்டால் அழத்தானே வேண்டும், நன்றாக அழட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.