மேலக்காவின் மூன்றாம் மாடி

அம்மாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, தையல் மெஷினைப் படியிறக்கியது. பழைய மிதி மெஷின். அடிக்கட்டு முழுக்க வார்ப்பிரும்பு. மாடி வீட்டிலிருந்து இறக்கி, வாசலில் நின்ற சின்ன வேனில் ஏற்ற வேண்டும். ரிப்பேருக்குப் போகிறது என்றாள் அம்மா.

"இழுக்காதே. முதல்ல ஒரு விரல் உசரம் தூக்கு. நிறுத்து. கை தாங்குதா பாரு. தாங்கினா அப்புறம் நகரலாம்."

"இது ஒண்ணும் உன் பேக்டரி இல்லம்மா."

"இரும்புக்கு அதெல்லாம் தெரியுமாடி? எங்க விழுந்தாலும் கால்லதான் விழும்."

அம்மா கிரேன் ஓட்டியவள். குழாய் செய்யும் தொழிற்சாலை. கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டு தண்டவாளம், அதன் மேல் கிரேன், கிரேனில் தொங்கும் கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணியேறிக் கூண்டுக்குள் போனால் சாப்பாட்டு மணிக்குத்தான் இறங்குவாள். கீழே வேலை செய்கிறவர்கள் அவளை 'மேலக்கா' என்றார்கள். எந்தச் சுமையையும் ஒரே மூச்சில் தூக்க மாட்டாள். கொக்கி மாட்டியதும் தரையை விட்டு ஒரு விரல் எழுப்பி நிறுத்துவாள். பிரேக் பிடிக்கிறதா, சங்கிலி நழுவுகிறதா, பார்ப்பாள். கீழே நிற்பவன் குதியாய்க் குதித்தாலும் சரி. பார்த்து முடித்த பிறகுதான் தூக்குவாள். கீரை ஆய்வதிலிருந்து பெண்ணுக்குத் தலை பின்னுவது வரை அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

மேலே பால்கனியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எந்தக் கடை? எந்தத் தெரு? எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?"

"வந்துட்டாருடி கன்ட்ரோலர்" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

அப்பா பஸ் டிப்போவில் நேரம் குறித்தவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வர வேண்டும், ஏன் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் கையில் மிஞ்சியவை இரண்டே வண்டிகள். மனைவி, மகள். கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஆனால் காய்கறிக் கடைக்குப் போனாலும் வழியில் ஒருமுறை, கடையில் ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை போன் வரும். "எங்க இருக்கே?" அவ்வளவுதான் கேட்பார். பதில் வந்ததும் நிம்மதியாக வைத்துவிடுவார்.

படித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்கள். அம்மா மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி, நீங்க விடற ராக்கெட்டு, எவ்வளவு வேகத்துல போனா திரும்பி விழாது?"

மகளுக்கு விண்கலங்களின் பாதையைக் கணக்கிடும் வேலை. போகிற பொருள் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்குமா, விட்டுப் போயே போய்விடுமா என்று சொல்ல வேண்டும்.

"வினாடிக்குப் பதினோரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலம்மா. அந்த வேகத்துல எறிஞ்சா பூமி இழுத்துக்கிட்டேதான் இருக்கும். ஆனா இழுத்து நிறுத்த முடியாது."

"கனமா இருந்தா இன்னும் வேகம் வேணுமாக்கும்?"

"இல்ல. ஊசின்னாலும் யானைன்னாலும் அதே வேகம்தான். யானையை எறியத்தான் ஆள் கிடைக்க மாட்டாங்க."

அம்மா சிரித்தாள். பிறகு, "அப்போ மெதுவா போகவே முடியாதா?" என்றாள்.

"முடியும். அந்தக் கணக்கு ஒரே தடவை எறிஞ்சு விட்டுடற பொருளுக்கு. பின்னாடி யாராவது விடாம தள்ளிக்கிட்டே இருந்தா, நடக்கிற வேகத்துலகூடப் போயிடலாம். அவ்வளவு எரிபொருளுக்கு எங்க போறது? அதான் யாரும் செய்யறதில்ல."

"ம்" என்றாள் அம்மா. "சரி, தூக்கு. ஒரு விரல்."

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, மகளுக்கு அலுவலகத்தில் போன் வந்தது. அறிமுகமில்லாத பெண் குரல். "உங்கம்மா படியில விழுந்து கிடந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். கொஞ்சம் சீக்கிரம் வாங்க." வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி இல்லை அது. தொழிற்சாலைப் பக்கமும் இல்லை. ஊரின் இன்னொரு கோடி. மகள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். போன் செய்த அம்மாள் தன் தெருவையும் கட்டடத்தையும் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் கைப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

அப்பா அழவில்லை. அசையாமல் நின்றார். பிறகு கேட்டார்.

"அந்தத் தெருவுல அவளுக்கு என்ன வேலை?"

டாக்டரிடம் கேட்டார். நர்ஸிடம் கேட்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம் கேட்டார். அவர், "தெரியாதுங்கய்யா" என்று நின்று பதில் சொல்லிவிட்டுப் போனார். காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கும் அந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. வேலை நாள். வேலை நேரம். அம்மா கூண்டில் இருந்திருக்க வேண்டும்.

தொழிற்சாலைக்குப் போனாள். போர்மேன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மேலக்காவா? ஐயோ. எப்போம்மா?"

"செவ்வாய்க்கிழமை. வேலைக்குத்தான் கிளம்பினாங்க. வேற எங்கேயோ போயிருக்காங்க. இங்க யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போனாங்களான்னு கேக்க வந்தேன்."

போர்மேன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "வேலைக்கா? அவங்க வேலையை விட்டு நின்னு ஒரு வருஷம் ஆச்சேம்மா."

மகளுக்குக் காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. தினமும் காலையில் அம்மா டப்பா கட்டிக்கொண்டு கிளம்பினாள். மாலையில் களைத்து வந்தாள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

"பழைய கிரேனை எடுத்துட்டாங்க. புதுசுக்குக் கூண்டே கிடையாது. தரையில நின்னுக்கிட்டு ரிமோட்டை அமுக்கணும். அக்கா ஒரு வாரம் பார்த்தாங்க. 'தரையில நின்னு தூக்கற வேலை எனக்கு வேணாம்'னு எழுதிக் கொடுத்துட்டாங்க. செட்டில்மென்ட் நல்லாவே வந்தது. போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. கூண்டுல இருந்த சீட்டு. பழைய இரும்புதானே, எடுத்துக்கோங்கன்னோம்."

"அந்தக் கூண்டு அவ்வளவு பிடிக்குமா?"

போர்மேன் தயங்கினார். "கூண்டுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதும்மா. கம்பெனி ரூல். இந்த ரூல் போட்டவன் நூறு வருஷம் இருக்கணும்னு சொல்லிச் சிரிப்பாங்க. எங்களுக்குப் புரிஞ்சதில்ல."

மகளுக்குப் புரிந்தது.

அங்கிருந்து நேராக அந்தத் தெருவுக்குப் போனாள். ஒல்லியான மூன்று மாடிக் கட்டடம். கீழே வீட்டுக்காரம்மா குடியிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம். மகளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருவேன்னு தெரியும்மா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில வெச்சு எப்படிச் சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டேன். மூணாவது மாடி ரூம் அவங்களுதுதான். ஒரு வருஷமா."

"தங்குவாங்களா?"

"ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்ல. காலையில வருவாங்க, சாயந்திரம் போயிடுவாங்க. சத்தமே இருக்காது. பூனை வந்து போற மாதிரி. ஆனா அப்பப்போ கையில ஏதாவது ஒரு சாமான் இருக்கும். ஒரு நாள் தட்டு. ஒரு நாள் தலையணை. குருவி கூடு கட்டற மாதிரி. கடைசியா பெரிய தையல் மெஷினே வந்து இறங்கிச்சு."

மகள் படியேறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தைச் சுவர்ப் பக்கமாக ஒதுங்கிக் கடந்தாள். அங்கேதான் அம்மா கிடந்தாளாம். கைப்பையிலிருந்த சாவி, மூன்றாம் மாடிப் பூட்டில் சுலபமாகத் திரும்பியது.

சின்ன அறை. ஜன்னலோரத்தில் கிரேன் கூண்டின் சீட்டு, நான்கு மரக்கட்டைகளின் மேல் திருகி வைக்கப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்தால் தெரு முழுவதும் கீழே தெரியும். அலமாரியில் ஒரு தட்டு. ஒரு தம்ளர். ஒரு ஸ்பூன். சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரு துண்டு. ஒரு பாய், ஒரு தலையணை. மூலையில் தையல் மெஷின். ஊசிக்கடியில் பாதி தைத்த ஜன்னல் திரை.

அதைத் தூக்கி வந்து வேனில் ஏற்றியவள் இவள்தான். அம்மா வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

எல்லாம் ஒன்று. அவள் தம்ளரை எடுத்துப் பார்த்தாள். பின்னால் இன்னொன்று இருக்குமோ என்று அலமாரிக்குள் கைவிட்டுத் துழாவினாள். இல்லை.

அவள் தொழிலில் இதற்கு ஒரு கேள்வி உண்டு. ஒரு பொருள் விலகிப் போகும்போது முதலில் எதையும் சொல்ல முடியாது. வெகுதூரம் போய்விட்டு வளைந்து திரும்புகிறதும், திரும்பாமலே போகப் போகிறதும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்ற இரண்டும் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். அம்மா காலையில் வந்தாள், சாயந்திரம் திரும்பினாள். அதை வைத்துப் பார்த்தால் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஆனால் தட்டு வந்தது. தலையணை வந்தது. திரை வரப்போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளிப் போகிற பொருள் ஒரு நாள் திரும்பாது. அப்பாவை மட்டும் விட்டா? என்னையும் சேர்த்தா?

போன் அடித்தது. அப்பா.

"எங்கம்மா இருக்கே?"

"ஆபீஸ்லப்பா."

"சரிம்மா." வைத்துவிட்டார்.

யோசிக்கவே இல்லை. பொய் தானாக வந்து விழுந்தது. அவள் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஒரு வருஷம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், இதே சீட்டில், இதே பொய்யோடு.

வீட்டுக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"அவங்க இருக்கும்போதே நான் உள்ள வந்ததில்லம்மா. இப்பவும் மனசு வரல." தண்ணீரை நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதே. இன்னொரு சாவி போட்டுக்கட்டுமான்னு என்கிட்ட அனுமதி கேட்டாங்க. இன்னும் ஒரு ஆள் வந்து போவாங்கன்னாங்க."

மகள் தண்ணீரை வாங்கவில்லை. "யாரு?"

"நான் கேக்கல."

"ஆம்பளையா?"

"அம்மாடி, எனக்கும் நாக்கு துறுதுறுன்னுதான் இருந்தது. பல்லைக் கடிச்சு அடக்கிக்கிட்டேன். அந்த வயசுல ஒருத்தி ஒரு ரூம் எடுத்து வெச்சிருக்கா. அதுல நான் வேற போய்க் கேள்வி கேக்கணுமா? தெரு முனையில சாவிக்காரர் இருக்கார். அவர்கிட்டதான் போனாங்க."

மகள் அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று பின்னால் யோசித்துப் பார்த்தும் நினைவு வரவில்லை.

சாவிக்காரரின் கடை ஒரு பெட்டி அளவுதான். இரண்டு பக்கமும் சாவிகள் காய்த்துத் தொங்கின. அவர் ஒரு பழைய பூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கைப்பையிலிருந்த சாவியை நீட்டினாள். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணாவது மாடி. அந்தம்மாவுக்கு நீ..."

"பொண்ணு. படியில விழுந்த அன்னைக்கே போயிட்டாங்க."

அவர் கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது சாவி யாருக்குன்னு சொன்னாங்களா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"உனக்குத்தாம்மா."

மகள் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணுக்குன்னுதான் சொன்னாங்க. 'வீட்டை விட்டா வேலை, வேலையை விட்டா வீடு, நடுவுல போன். அவளுக்கும் எங்கேயாவது சும்மா உக்கார ஒரு இடம் வேணும். வாயைத் திறந்து கேக்க மாட்டா, அவங்கப்பா மனசு நோகும்னு'ன்னாங்க. நான்கூட விளையாட்டா, ஒரு ரூம்ல ரெண்டு பேரும் இருந்தா சும்மா இருக்க முடியுமாக்கான்னேன். 'அவ வர்ற அன்னைக்கு நான் வர மாட்டேன்'னு சிரிச்சாங்க."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்தார்கள்.

"சாவி எங்க?" என்றாள் கடைசியில்.

"வெட்டலைம்மா. அன்னைக்குக் காலையிலதான் வந்து கேட்டாங்க. அசலைப் பக்கத்துல வெச்சாத்தானே வெட்ட முடியும்? கொடுத்துட்டுப் போங்க, அரை மணி நேரம் ஆகும்னேன். அவங்களுக்கு அவ்வளவு நேரம் வெளியில நிக்க மனசில்ல. கையில துணி சுத்தின கட்டு வேற. சாயந்திரம் இறங்கும்போது கொடுத்துட்டுப் போறேன், நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு மேல போனாங்க."

அவர் எழுந்து, மற்ற சாவிகளிலிருந்து ஒதுக்கித் தனி ஆணியில் மாட்டியிருந்த ஒன்றை எடுத்து, அவள் முன்னால் பலகையில் வைத்தார். புதுப் பித்தளை. ஓரத்தில் இன்னும் ஒரு பல்கூட விழவில்லை.