துப்பாக்கிக்கு ஜாக்கெட் தைத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நான் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் குடும்பத்தில் எத்தனையோ பேர் இருக்க, "அத்தை, நீங்கதான் எழுதணும்" என்று அண்ணன் மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்ததே இல்லை. அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியைத் தொட்டதும் இல்லை. இந்த நினைவு மலர் யார் யார் கைக்குப் போகுமோ தெரியாது. அதனால் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். மீசை முளைப்பதற்கு முன்பே அண்ணன் மின்வாரிய வேலைக்குக் குழி தோண்டப் போனார். படிப்படியாக லைன்மேன் ஆனார். மந்தைவெளி, அடையாறு, கொட்டிவாக்கம் என்று அவர் ஏறாத கம்பம் கிடையாது. எனக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அம்மாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் அவரும் அண்ணியும்தான்.

ஒருமுறை கம்பத்தின் மேலிருந்து கட்டிங் பிளேயர் நழுவி, கீழே நின்றவர் தலையில் பட இருந்தது. அன்றைக்கே அதற்கு ஒரு தோல் உறை தைத்து பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்த அடையாற்று ராணுவத்துக்காரர் ஒருவர், ஓய்வு பெற்றவர், தன் கைத்துப்பாக்கிக்கும் அப்படி ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அதில் பிடித்த பித்து, பிறகு விடவே இல்லை. வேலை முடிந்து வந்து மொட்டை மாடிக்குப் போனால் குத்தூசியும் தேன்மெழுகும்தான். "ஊர்ல ஆம்பளைங்க கேரம் ஆடறாங்க. இவருக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

அண்ணனுக்கு ஒரு முறை உண்டு. லைசென்சைக் காட்டாதவருக்குத் தைக்க மாட்டார். துப்பாக்கிக்காரரே குண்டுகளை எடுத்துவிட்டு, அதைக் காகிதத்தின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட வேண்டும். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தக் கோட்டை வைத்து மரத்தில் ஒரு துப்பாக்கி செதுக்குவார். நனைத்த தோலை அதன்மேல் அழுத்தி வெயிலில் காயவைத்தால், தோல் அந்த உருவத்துக்கு விறைத்துக்கொள்ளும். ஒருநாள் தண்ணி கேன் போடுபவர் மாடிக் கைப்பிடிச் சுவரில் அது காய்வதைப் பார்த்துவிட்டு, கேனைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டார்.

எதிர்வீட்டு மாமா விடுவாரா? "இன்னா நைனா, வீட்ல துப்பாக்கி பேக்டரி நடத்திக்கினு கீறியாமே?"

"துப்பாக்கி இல்ல மாமா. என் தங்கச்சி பொம்பளைங்களுக்கு ஜாக்கெட் தைக்குது. நான் துப்பாக்கிக்கு ஜாக்கெட் தைக்கறேன்."

"அளவு ஜாக்கெட் குடுத்தாத்தான் தைப்பியா?"

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு எங்காவது ஒரு துப்பாக்கி உறையிலிருந்து நழுவி விழுந்து, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் யார் வீட்டுக்கு வரும்?

போலீசே வந்தது. ஆனால் என்னிடம், பேன்ட் இடுப்பைப் பிடித்துத் தைப்பதற்காக. புதிதாக மாற்றலாகி வந்திருந்த எஸ்.ஐ. மேடம். அவருக்கு இடதுகைப் பழக்கம். ஸ்டேஷனில் கொடுத்திருந்த துப்பாக்கி உறையோ வலதுகைக்காரர்களுக்கானது. இடதுபக்கம் மாட்டினால் பிடி முன்பக்கம் திரும்பிவிடும். "எடுக்க வரலைன்னு மேல மூடுற வாரைத் தளர்த்தி வெச்சிருக்கேன் அக்கா. கூட்டத்துல ஒரு கையால அதைப் புடிச்சிக்கினேதான் நிக்கறேன். தொலைஞ்சா என் வேலையே போயிடும்" என்றார். பங்குனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் அவருக்குப் பணி.

நான் பேன்ட் இடுப்பை அளக்கத் தொடங்கினேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன்தான் எழுந்து வந்தார். அப்போது அவருக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த நேரம். "உங்க பெரிய ஆபீசருங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாம்மா, தைச்சுத் தரேன்" என்றார். அவரும் அனுமதி வாங்கி வந்தார்.

அண்ணன் வெட்டினார், மடித்தார், மரத்துப்பாக்கியை வைத்துப் பார்த்தார். நானும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

"அண்ணா, இது மறுபடியும் வலதுகைக்குத்தான் வந்திருக்கு."

"பேப்பரைத் திருப்பிப் போட்டுத்தானே வெட்டினேன்?"

"தோலையும் திருப்பிப் போட்டுட்ட."

ரெண்டையும் திருப்பினால் பழையபடிதானே வரும்? தையல்காரி ஒவ்வொருத்தியும் ஒரே கைக்கு ரெண்டு ஸ்லீவ் வெட்டிவிட்டு ஒருமுறையாவது முழித்திருப்பாள். அண்ணன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷமா வலதுகையாவே வெட்டின கை. சொன்னா கேக்குமா?"

கெட்டித் தோல் வேறு கையிருப்பில் இல்லை. தோல் கடைகள் இருக்கும் பெரியமேட்டுக்கு நான்தான் போனேன். அந்தப் பக்கம் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. வாங்கி வந்ததும் அண்ணன் வெட்டினார், நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். ஆனால் அவர் கை வீங்கியிருந்தது, நூலை இழுக்க முடியவில்லை. ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ஊசி போக வேண்டும். ஒரு நூல் அறுந்தாலும் மற்றது தாங்க வேண்டும்.

"பாப்பா, நீ இழு."

"வேணாம்ணா. நாளைக்கு ஒண்ணுன்னா என்னையும் சேர்த்து உள்ள வெப்பாங்க."

"வெக்கட்டுமே. எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேணாமா?"

இழுத்தேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. முடித்ததும், எடைக்காக ஈயம் பதித்த மரத்துப்பாக்கியை உள்ளே போட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறச் சொன்னார். விழவில்லை. ஆனாலும் மேடம் வந்து வாங்கிக்கொள்ளும் முன் இன்னொரு தடவை உதறிப் பார்த்துவிட்டேன்.

அறுபத்துமூவர் அன்று நான் கோயில் பக்கமே போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து நாதஸ்வரத்தையும் மைக்கில் வரும் அறிவிப்புகளையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அறிவிப்புக்கும் பகீரென்றது. அண்ணன் கஞ்சியைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை மேடம் வந்தார். முழங்கையில் கட்டு.

"தடுப்பு சரிஞ்சு கீழே விழுந்துட்டேன்ணா. மேல நாலஞ்சு பேர். எழுந்திருக்கறதுக்காக ஒரு அம்மா என் இடுப்புல இருந்த உறையைப் புடிச்சிக்கினு தொங்குறாங்க. எழுந்ததும் முதல்ல கை அங்கதான் போச்சு. அப்படியே இருந்துச்சு."

"அடி பலமாம்மா?" என்று கேட்டார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்தார். "தையல் விட்டிருக்கா பாரு."

மேடம் காலி உறையை என் கையில் கொடுத்தார். ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் விடவில்லை.

"அந்த ஓரத் தையல் என் தங்கச்சி போட்டது" என்றார் அண்ணன். அப்படி ஒரு பெருமையோடு அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அதன்பிறகு சில மாதங்களே எங்களோடு இருந்தார். ஒருநாள் சாயங்காலம், அண்ணி கையைப் பிடித்தபடியே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

டயாலிசிஸ் நாட்களில் அவரைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய தெருப் பிள்ளைகளுக்கும், லைனில் கூட வேலை பார்த்து, கடைசிவரை தோள் கொடுத்த தோழர்களுக்கும், ராணுவத்து ஐயாவுக்கும், எஸ்.ஐ. மேடத்துக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிண்டல் செய்துகொண்டே இருந்த எதிர்வீட்டு மாமாதான் அன்றைக்குப் பாடையின் முன்பக்கத்தைப் பிடித்தார். யாரையும் மாற்றிப் பிடிக்க விடவில்லை. அவருக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் வருத்தப்படாதீர்கள், மனசில் இருக்கிறீர்கள்.

அண்ணன் தைத்த உறைகள் இந்த ஊரில் யார் யார் இடுப்பிலோ இருக்கின்றன. இன்றைக்கும் காலையில் பேப்பர் வந்ததும் முதலில் துப்பாக்கி உறையிலிருந்து நழுவி விழுந்ததாகச் செய்தி ஏதாவது இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். ஒருநாளும் இருந்ததில்லை.