தலைக்கு மேல் இருந்த குழாய்

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்குக் ‘கூப்பாடு’ என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். அண்ணன் லாரிகளுக்குப் பிரேக் பழுது பார்ப்பவன். விடுமுறை கிடைத்தால் இருவரும் தங்கள் பழைய ராலிக் காரை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அண்ணன் ஓட்டுவான். அவள் பக்கத்து இருக்கையில் இருந்து, மடியில் வைத்த தாளைப் பார்த்து, வரப்போகும் வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வருவாள். என்ஜின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தித் தொண்டை அதற்கே பழகிவிட்டது. வீட்டில் உப்பு கேட்டாலும் தெருமுனை வரை கேட்கும். “ஏன்டி, உப்புத்தானே கேக்குற? ஊரையா கூப்பிடுற?” என்பாள் அம்மா.

அந்தக் காருக்குள் இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு கூண்டு இருந்தது. வண்டி உருண்டால் கூரை நசுங்கித் தலையில் இறங்காமல் தாங்குவதற்காக எல்லா ராலிக் கார்களிலும் வைப்பதுதான். வெள்ளை பெயின்ட் பளபளக்கும். தலை இடிக்கக்கூடிய இடங்களில் கறுப்பு ஸ்பாஞ்சு சுற்றியிருக்கும். போன மழைக்காலத்தில் ஒரு சேற்று வளைவில் கார் வழுக்கி, சாலையை விட்டு இறங்கி, பக்கவாட்டில் புரண்டு நின்றது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே வந்ததும் கூப்பாடு திரும்ப உள்ளே தலையை நீட்டி அந்தக் குழாய்க்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அண்ணி, “போதும், அந்தச் சனியனை வித்துத் தொலைங்க” என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பதில் தயாராக இருக்கும். “இரும்புக் கோட்டைக்குள்ள உக்காந்திருக்கோம் அண்ணி. எங்களுக்கு என்ன ஆகும்?”

சிறிய பந்தயங்களில் பரிசோதனை என்பது கூண்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டுவதோடு சரி. இந்தத் தடவை அவர்கள் பெயர் கொடுத்திருந்தது பழைய கார்களுக்கென்றே நடக்கும் பெரிய ராலிக்கு. அங்கே பரிசோதகர் காருக்குள் புகுந்து வெகுநேரம் வெளியே வரவில்லை.

“கூண்டு யாரு செஞ்சது?”

“வாங்கும்போதே இருந்துச்சு சார்” என்றான் அண்ணன்.

“அப்ப சின்னதா ஒரு ஓட்டை போட்டுக் குழாயோட கனத்தை அளக்கணும்.”

“தாராளமா போடுங்க. உங்க டிரில்லுதான் தேயும்.”

டிரில் தேயவில்லை. வைத்ததும் தெரியவில்லை, உள்ளே போனதும் தெரியவில்லை. வெளியே எடுத்தபோது ஓட்டையிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது. எப்போதோ குழாய்க்குள் இறங்கித் தேங்கிய துருத் தண்ணீர், கூப்பாடு உட்காரும் இருக்கையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

பரிசோதகர் இன்னோர் இடத்தில் அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு வளைவில் சுற்றியிருந்த ஸ்பாஞ்சைப் பிரித்தார். உள்ளே குழாய் மடக்கிய சட்டைக் கை போலச் சுருங்கியிருந்தது. கூரையை ஒட்டிய மேல் மூட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டி, “இங்க பாருங்க” என்றார். முன்பக்கம் அழகான வெல்டிங். பின்பக்கம் வெல்டிங்கே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் பெயின்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டி மாவு கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. கீழே கூண்டின் கால்கள் தடித்த தகடு எதன் மேலும் நிற்கவில்லை. துருப்பிடித்த தரைத் தகட்டில் வெறும் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். உருண்டால் கூரையைத் தாங்குவது இருக்கட்டும், கால்களே தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும்.

“இது ராலிக்கான குழாயே இல்ல. இதுல நாற்காலி செய்யலாம்” என்றார் அவர்.

“சார், போன மழையில வண்டி புரண்டப்ப இதுதானே எங்களைக் காப்பாத்துச்சு?” கூப்பாடு கேட்டது பக்கத்தில் இருந்த அண்ணனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“எப்படிப் புரண்டுச்சு? கூரை தரையில மோதுச்சா?”

“இல்ல சார். பக்கவாட்டுல சாஞ்சு ஒரு மண்மேட்டுல முட்டி நின்னுடுச்சு.”

“அப்ப உங்களைக் காப்பாத்துனது அந்த மண்ணும்மா.”

மறுநாள் கூப்பாடு பேருந்தில் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டி ஓட்டிவிட்டு, ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின், பயணிகள் பிடித்து நிற்கும் கம்பியை விரலால் தட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது. அவள் முத்தம் கொடுத்த குழாயைவிட அந்தக் கைப்பிடிக் கம்பி கனமாக இருந்தது.

அண்ணனுக்கு வந்தது கோபம். காரை விற்ற டயர்க்கடைக்காரரைப் போய்ப் பிடித்தான். அவர் கையை விரித்தார். “எனக்கு என்னப்பா தெரியும்? ஒரு மரச்சாமான் கடை வாசல்ல வேடிக்கைக்கு நின்ன வண்டி. கடையை மூடும்போது வாங்கினேன். நல்ல ராலி வண்டின்னாங்க. கூண்டெல்லாம் இருந்துச்சே!”

அந்தக் கடைக்கு இரும்பு வேலையெல்லாம் செய்து கொடுத்தவர் ஒரு கட்டில்காரர் என்று விசாரித்து, அவர் பட்டறையைத் தேடி அண்ணனும் தங்கையும் போனார்கள். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தான். கட்டில்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கூப்பாடு காட்டிய போட்டோவைப் பார்த்துச் சிரித்தார்.

“அட, நான் செஞ்சதுதான்! பழைய கூண்டைக் கழட்டிட்டு யாரோ வெறும் வண்டியா வித்துட்டாங்களாம். பாக்க எடுப்பா இருக்கணும், ஒண்ணு செஞ்சு குடுன்னாரு கடைக்காரரு. இப்ப எங்க நிக்குது வண்டி?”

“நிக்கலைங்க. நாங்க ஓட்டுறோம்.”

“ஓட்டுறீங்கன்னா? எங்க?”

“பந்தயத்துல.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போகத் தெரியாமல் அங்கேயே நின்றது. பின்னாலிருந்த பெயின்ட் அடிக்காத கட்டில் சட்டத்தைக் கையால் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“நான் கட்டில் செய்றவன்மா… மேல கூரை இடிச்சுது, பின்னாடி வெல்டிங் கம்பியை விட்டுப் பத்தவைக்க முடியலை. நிக்கப்போற வண்டிதானே, யாரு பாக்கப்போறாங்கன்னு பட்டி வச்சுத் தேச்சுட்டேன். உருளலையே? எங்கயும் உருளலையே?”

“ஒரு தடவை உருண்டோம்” என்றாள் அவள்.

அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அடிக்க வந்த அண்ணன்தான் மூலையில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து அவரிடம் நீட்டினான். அவரைத் திட்டுவதா, தேற்றுவதா என்று இருவருக்கும் புரியவில்லை.

மறுவாரம் கூண்டைக் கழற்றி வெளியே வைத்தார்கள். பழைய இரும்புக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “முழுசாவே குடுங்க. ஒருத்தர் தன் காருக்கு இந்த மாதிரிதான் தேடிட்டு இருக்காரு” என்றார். கூப்பாடு பதில் சொல்வதற்குள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றிருந்த கட்டில்காரர் வெட்டும் மிஷினைக் கையில் எடுத்துவிட்டார். குழாய்களை முழங்கை நீளத்துக்குத் துண்டு துண்டாக அறுத்துத் தள்ளினார். “இனிமே இதை எவனும் எதுலயும் மாட்ட முடியாது” என்றவர், காப்பி குடிக்கச் சொல்லியும் நிற்காமல் போய்விட்டார்.

புதிய கூண்டை, ராலிக் கூண்டு செய்வதே தொழிலாக இருக்கும் ஒருவர் செய்தார். நெடுக ஒட்டுப்போட்ட தையல் இல்லாத கனமான குழாய். தரையில் துளை வெட்டி, கூண்டையே கொஞ்சம் கீழே இறக்கி, கூரைக்கும் குழாய்க்கும் நடுவே கை போக இடம் உண்டாக்கிக்கொண்டு மேல் மூட்டுகளைச் சுற்றிலும் பற்றவைத்தார். பிறகு கூண்டைத் தூக்கி, துளைகளைத் தடித்த தகடுகளால் மூடி, அவற்றின் மேல் கால்களை நிறுத்தினார். பெயின்ட் அடிக்கும் முன் கூப்பிடச் சொல்லியிருந்தாள் கூப்பாடு. அவளோடு அண்ணியும் வந்து, கைப்பையிலிருந்த முகக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு மூட்டின் முதுகையும் எட்டிப் பார்த்தாள்.

பந்தயத்தன்று அண்ணன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டான். கார்க் கதவைத் திறந்தான். ஏறவில்லை.

“என்னால முடியலைம்மா. உள்ள பாத்தாலே அந்தத் தண்ணி சொட்டுற மாதிரி இருக்கு. நீ ஓட்டு.”

“நான் ஓட்டுனா வளைவை யாருண்ணா சொல்றது?”

“நான் சொல்றேன். அந்தத் தாளைக் குடு” என்றாள் அண்ணி.

கூப்பாடு தாளைக் கொடுக்காமல் அவளையே பார்த்தாள். இத்தனை வருடம் காரைச் சபித்துக்கொண்டிருந்தவள் அண்ணன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். “என்னைய ஏன் அப்படிப் பாக்குற? அப்ப உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, பயந்தேன். இப்பத்தான் கண்ணால பாத்துட்டேனே.”

கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. பாதி வளைவுகளை அண்ணி வலது இடது மாற்றிச் சொன்னாள் என்பது கூப்பாட்டின் கட்சி. சரியாகத்தான் சொன்னேன், என்ஜின் சத்தத்தில் இவள் காதில்தான் விழவில்லை என்பது அண்ணியின் கட்சி. அந்த வழக்கு வீட்டில் இன்னும் நடக்கிறது.

அண்ணன் அதற்குப் பிறகு எந்தப் பந்தயக் காரிலும் ஏறவில்லை. பந்தயத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. கார்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்குக் காலையிலேயே போய், பழைய வண்டிக்காரர்களிடம், “கோவிச்சுக்காதீங்க, கூண்டோட மேல் மூட்டுகளை ஒரு தடவை பாக்கட்டுமா?” என்று கேட்பான். பெரும்பாலும் நல்ல கூண்டுகள்தாம். சிலர் காட்டுவார்கள். சிலர், “உன் வேலையைப் பாத்துட்டுப் போய்யா” என்பார்கள். அவன் அடுத்த காருக்கு நகர்ந்துவிடுவான்.