உப்புப் போட்ட ஐஸ்

ஆழ்வாப்பிள்ளைக்கு ஐஸைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மயிலிட்டியில் வள்ளம் வைத்திருந்த குடும்பம். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்று தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஓடிவந்து மல்லாகப் பக்கத்து முகாம் ஒன்றில் ஒதுங்கியவர்கள். இப்போது முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டன. காணி இன்னும் இராணுவத்தின் கம்பிவேலிக்குள். கடல் போனாலும் மீன் அவரை விடவில்லை. கொழும்பு லொறிக்கு மீன் பெட்டி அடுக்கும் வாடியில் வேலை.

மனைவி இராசமலருக்கு நீரிழிவு முற்றி, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி என்று கிளினிக்கில் எழுதினார்கள். மருந்து கொடுத்தவர் வரிசையின் நீளத்தைப் பார்த்தபடி ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"குளிரிலை வையுங்கோ, ஐயா."

தகரக் கொட்டிலில் குளிர்சாதனப் பெட்டி ஏது? சந்திக் கடைக்காரன் தன் பெட்டியில் வைக்கச் சம்மதித்தான். ஆனால் கடை திறப்பது எட்டு மணிக்கு. ஊசி ஆறு மணிக்கு. பாரை மீனைக் கொழும்புவரை பழுதாகாமல் அனுப்புகிறவனுக்கு ஒரு சின்னப் போத்தலைக் காப்பாற்ற முடியாதா? ஆழ்வாப்பிள்ளை வாடியிலிருந்து தினமும் நொறுக்கிய ஐஸ் கொண்டுவந்தார். மீன் அடைக்கும் வெள்ளை நுரைப் பெட்டியில், ரெஜிபோம் பெட்டியில், அதைக் கொட்டி, மீனுக்குச் செய்வதுபோல் குளிர் ஏற ஒரு பிடி உப்பும் தூவி, நடுவில் போத்தலைப் புதைத்தார்.

"வாடியிலை மீனுக்குக்கூட இவ்வளவு பக்குவம் பாக்கமாட்டியள்" என்று இராசமலர் சிரித்தாள்.

"மீன் செத்தது. நீ உயிரோடை இருக்கிறாய்."

சில காலைகளில் மருந்து உறைந்து கட்டியாகியிருக்கும். உள்ளங்கையில் உருட்டி இளக வைப்பார். வெள்ளைத் துகள்கள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். இன்னும் நன்றாகக் குலுக்குவார்.

ஆனால் இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. இரண்டு வருடமாகக் கிளினிக்கில் ஒரே கதை.

"ஊசி ஒழுங்காப் போடுறேல்லை என்ன?" என்பாள் தாதி கஜானி.

"ஒருநாளும் தவறேல்லை, பிள்ளை."

"அப்ப அம்மா களவாய் இனிப்புத் தின்னுறா. இப்பிடியே போனால் காலைத்தான் கழட்டவேணும், சொல்லிப்போட்டன்."

மருந்தின் அளவைக் கூட்டி எழுதுவார்கள். அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

களவாய் என்ற அந்தச் சொல் ஆழ்வாப்பிள்ளையின் மனதில் முள்ளாய்க் கிடந்தது. சீனிப் போத்தலை ஒளித்தார். பிட்டை அளந்து வைத்தார். ஒருநாள் கேட்டேவிட்டார்: "நான் வேலைக்குப் போனாப்பிறகு களவாய்த் தின்னுறியோ?"

அவள் இல்லை என்றாள். அன்று முழுதும் சாப்பிடவில்லை.

போன மாசியில் கொட்டில் தகரத்தின் விளிம்பு அவளுடைய வலது பெருவிரலைக் கீறியது. சின்னக் காயம். ஆறவில்லை. விரல் கறுத்தது, பிறகு பாதம் மணக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். அங்கேதான் ஓர் இளம் டொக்டர் முதல்முறையாகக் கேட்டாள்:

"மருந்தை எங்கை வைக்கிறனீங்கள், ஐயா?"

அவர் உற்சாகமாகவே சொன்னார். உப்பையும் விடாமல் சொன்னார். டொக்டர் எழுதுவதை நிறுத்தினாள்.

"உறைஞ்சால் இந்த மருந்து செத்துப்போம், ஐயா. பிறகு இளக வைச்சுப் போட்டாலும் தண்ணி போட்டமாதிரித்தான்."

"குளிரிலை வைக்கச் சொன்னவை, பிள்ளை."

"ஓம். ஒரு மண்சட்டியிலை தண்ணி விட்டு, போத்தலை நனையாமல் அதுக்குள்ளை வைச்சிருந்தாலே காணும்."

புதன்கிழமை வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுப்பதாக முடிவாகியது. செவ்வாய் பின்னேரம் ஆழ்வாப்பிள்ளை கட்டிலருகே குந்தி, நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

"பிழை என்னிலைதான், மலர். நீ களவாய்த் தின்னேல்லை."

இராசமலர் போர்வையைக் காலுக்கு மேலே இழுத்து மூடினாள்.

"அதைத்தானே நான் அப்பவும் சொன்னனான்" என்றாள். காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது கொட்டிலின் மூலையில் ஒரு மண்சட்டி இருக்கிறது. அவர் அடிக்கடி போய்ப் போத்தலைப் பொத்திப் பார்ப்பார். ஐஸில் விறைத்துப் பழகிய அவருடைய கைக்கு அந்தக் குளிர் குளிராகவே தெரிவதில்லை.

"கையை எடுங்கோ" என்பாள் இராசமலர், படுக்கையில் இருந்தபடி. "சூடு பிடிக்கப்போகுது."