என் பெயர் எழுதிய மாத்திரை கவர்

போன ஞாயிறு காலை ஏழு மணி. நார்த்தாமலைக்குப் பின்னால், தைலமரக் காட்டுக்குள், அறுந்த சைக்கிள் செயினைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்பது மணிக்குள் காதுகுத்து. குன்றாண்டார்கோவில் பக்கம், என் தங்கை வசந்தாவின் புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோவிலில். காது குத்தப்போவது அவளுடைய இளைய மகளுக்கு. யார் மடியில் உட்கார வைத்து? தாய்மாமன் மடியில். தாய்மாமன் யார்? செயினோடு நிற்கும் இதே ஆள்தான்.

'அன்றைக்குப் போய் எதற்கய்யா சைக்கிள்?' என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. வசந்தாவும் கேட்டாள். முதல் நாள் போனில் அவள் சொன்னது இதுதான்: "அண்ணே, மூத்தவளுக்குத்தான் வராமப் போயிட்டீங்க. இதுக்கும் சைக்கிளத் தூக்கிக்கிட்டு எங்கிட்டாச்சும் போயிராதீங்க. எனக்கு வேற அண்ணன் இல்ல."

மூத்தவளுக்குக் காது குத்திய அன்று நான் ஊட்டியில் ஒரு சைக்கிள் போட்டியில் இருந்தேன். திரும்பும்போது பஸ்ஸைத் தவறவிட்டேன். அந்த ஆல்பத்தில் என் இடத்தில் வேறொருவர், பங்காளி வீட்டு உறவு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். எப்போது தங்கை வீட்டுக்குப் போனாலும் அந்த ஆல்பம் டீப்பாயின் மேல்தான் கிடக்கும். தற்செயலாகத்தான் கிடக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இந்த முறை திட்டம் பக்காவாக இருந்தது. வேட்டி சட்டை காரில். கார், மெயின் ரோட்டு டீக்கடை ஓரத்தில். விடியும்போதே கிளம்பி, காட்டுக்குள் ஒரு ரவுண்ட் அடித்துவிட்டு, ஏழரைக்கு காரை எடுத்தால் எட்டே கால் மணிக்குக் கோவில். என்ன தவறு நடந்துவிட முடியும்?

காருக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது செயின் அறுந்தது. சரளையில் தள்ளிக்கொண்டு நடந்தால் ஒன்றேமுக்கால் மணி நேரம். அப்புறம் கார்ப் பயணம். கணக்கு போட்டுப் பார்த்தேன்... ஆல்பத்தில் மறுபடியும் வேறு ஆள்.

இங்கே எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாங்கள். அன்று வந்திருந்தது மூன்று பேர். நான். வங்கியில் வேலை பார்க்கும் கலைச்செல்வி. மெடிக்கல் கடை வைத்திருக்கும் கணேசன்.

பாதி நேரம் சைக்கிள் ஓட்டுவோம், மீதி நேரம் சண்டை போடுவோம். சண்டை எல்லாம் சாமான்களைப் பற்றி. சக்கரம் இருபத்தாறு இஞ்சா, இருபத்தொன்பதா? டயருக்குள் டியூப் வேண்டுமா, வேண்டாமா? பின் சக்கர ஆக்ஸிலை வருடத்துக்கு ஒரு முறை அகலமாக்குகிறார்களே, சாலையை அகலப்படுத்துகிற துறையில் இருந்து யாராவது வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களா? ஸ்டாண்டர்டு என்றால் நிலையாக இருப்பது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். சைக்கிள் கம்பெனிகளில் அதற்கு ஆயுள் மூன்று வருடம்.

கணேசன் புதுசு எது வந்தாலும் வாங்குவார். வாங்கிய மறுவாரம் அதற்குப் பொருந்துகிற வேறொன்றை வாங்குவார். இப்போது அவர் சைக்கிளில் கியர் மாற்ற ஒயரே கிடையாது. ஹேண்டில்பாரில் ஒரு பட்டன். அமுக்கினால் பின்னால் 'சிர்ர்' என்று ஒரு சத்தம், கியர் மாறிவிடும். எல்லாம் பேட்டரி.

கலைச்செல்வியின் கொள்கை வேறு. "எப்படியும் வாங்குன அன்னைக்கே பழசாயிருதுண்ணே. நான் ரெண்டு வருசம் பழசானப்பறம்தான் வாங்குவேன். ஏமாத்தம் இருக்காதுல்ல?"

நான்? என் சைக்கிளுக்குப் பதினைந்து வயது. பின்னால் எட்டு பல்சக்கரம். போதும் என்பது என் கட்சி. தொண்டர் யாரும் கிடையாது, தலைவர் மட்டும்தான்.

இத்தனை வருடச் சண்டையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தன் சைக்கிள் வாங்கிய வருடத்துக்கு முன்னால் வந்ததெல்லாம் ஓட்டை உடைசல். பின்னால் வந்ததெல்லாம் ஏமாற்று வேலை. சரியாக அந்த ஒரு வருடத்தில் மட்டும் உலகம் ஒழுங்காக இருந்திருக்கிறது. அவரவருக்கு ஒரு வருடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருடம் இதே பக்கத்தில் நான் எழுதியது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 'சார்ஜ் போட்டால்தான் ஓடும் சைக்கிள்' பற்றி. பேட்டரி தீர்ந்துபோய் ஒரே கியரில் முக்கி முனகி அன்னவாசலில் இருந்து வீடு வந்து சேர்ந்த ஒரு நண்பரைப் பற்றி. நிறைய பேர் சிரித்ததாகச் சொன்னீர்கள். நான் பெயரைப் போடவில்லை. ஆனால் 'மெடிக்கல் கடை நண்பர்' என்று போட்டிருந்தேன். புதுக்கோட்டையில் மலை சைக்கிள் ஓட்டும் மெடிக்கல் கடைக்காரர்கள் எத்தனை பேர்? பல நாள் அவர் கடைக்கு வந்தவர்கள் மாத்திரை வாங்கிவிட்டு, "சார்ஜ் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கணேசன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் வழக்கம்போல வந்தார்.

சரி, காட்டுக்கு வருவோம்.

செயின் அறுந்தால் இப்போதெல்லாம் ஒரு வசதி உண்டு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இணைப்பு, லிங்க் என்பார்கள். அறுந்த கண்ணியைக் கழற்றிவிட்டு இதை மாட்டி ஒரு இழு இழுத்தால் வேலை முடிந்தது. கலைச்செல்வி தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். வைத்துப் பார்த்தால் உட்காரவில்லை. பின்னால் பல்சக்கரம் கூடக் கூட செயின் ஒல்லியாகிக்கொண்டே போகும். அவருடையது பதினொன்று. கணேசனுடையது பன்னிரண்டு. என்னுடையதோ எட்டு, குண்டு செயின். மூன்று சைக்கிள், மூன்று செயின், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

"இதுக்குத்தான் சொல்றேன்," என்று ஆரம்பித்தேன். அந்த நிலைமையிலும் ஆரம்பித்தேன் என்பதுதான் விசேஷம். "லிங்க் எல்லாம் சோம்பேறிங்களுக்கு. அந்தக் காலத்துல கண்ணியில இருக்குற குட்டி ஆணிய, அந்தப் பின்னை, வெளிய தள்ளி, மறுபடி உள்ள தள்ளிச் சேப்போம். தள்ளுங்க, நானே போடுறேன்."

பின்னைத் தள்ளும்போது நுனியில் நிறுத்திவிட வேண்டும். முழுசாக வெளியே வந்துவிட்டால் திரும்பப் போகாது. இது எனக்குத் தெரியும், பலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். கடைசியாக நானே செய்து பத்து வருடம் இருக்கும். அது தெரியாமல் போய்விட்டது.

அந்தக் குட்டிப் பின் முழுசாக வெளியே வந்து 'டிங்' என்று பாறையில் விழுந்தது.

"பரவால்ல, இன்னொரு கண்ணி இருக்கு," என்றேன். அடுத்த முறை, பின்னைத் தள்ளும் கருவியே முறிந்தது. அதற்கும் பதினைந்து வயது.

மணி ஏழு இருபத்தைந்து. எனக்கு அழுகை வந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வந்தது. வசந்தா ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஆல்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆல்பத்தை வைப்பாள், அவ்வளவுதான்.

"என் சைக்கிள எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றார் கலைச்செல்வி. அவர் என் தோள் உயரம். அந்தச் சைக்கிளில் என் முழங்கால் ஹேண்டில்பாரைத்தான் இடிக்கும். இருந்தாலும் கை நீட்டினேன்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றார் கணேசன்.

பையைத் திறந்து, அடியில் கையை விட்டு, ஒரு சின்னப் பேப்பர் கவரை எடுத்தார். மெடிக்கல் கடையில் மாத்திரை போட்டுக் கொடுப்பார்களே, அதே கவர். ஓரமெல்லாம் மடிந்து, வியர்வையில் பழுப்பேறியிருந்தது. மேலே பேனாவால் என் பெயர். அதன் கீழே '8'. காலை, மதியம், இரவு என்ற கட்டங்களில் எதிலும் டிக் இல்லை.

உள்ளே ஒரு லிங்க். எட்டு கியர் செயினுக்கானது.

"இது... எப்பருந்து வச்சிருக்கீங்க?"

"ஒங்க செயினு தேஞ்சு போச்சுன்னு ரெண்டு வருசம் முன்னாடியே பாத்தேன். மாத்துங்கன்னா மாத்தவா போறீங்க? அன்னைக்கே வாங்கிப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் கொடுக்கல?"

"கொடுத்திருந்தா அதுக்கும் ஒரு கட்டுரை எழுதியிருப்பீங்க சார்."

கலைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அங்கிட்டுத் திரும்பினார். கணேசன் தன் கருவியால் கெட்ட கண்ணியைக் கழற்றி, லிங்கை மாட்டி, பெடலை ஒரு மிதி மிதித்து இறுக்கினார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். "செயினு நீளம் கொறைஞ்சிருச்சு. பெரிய பல்லுக்குப் போட்றாதீங்க. நிக்காமப் போங்க, நாங்க பின்னாடி வாரோம்."

இரண்டு வருடம் என்பதைப் பாதி வழியில்தான் யோசித்தேன். அப்படியென்றால் நான் அந்தப் பத்தியை எழுதி, ஊரே அவரைக் கேலி செய்துகொண்டிருந்த மாதங்களிலும் அந்தக் கவர் அவர் பைக்குள்தான் இருந்திருக்கிறது. அவருடைய எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தாத சாமான். ஞாயிறுதோறும் சுமந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

எட்டே முக்காலுக்குக் கோவிலில் இருந்தேன். வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கை என்னண்ணே இப்படி இருக்கு?" என்றவள், பதிலுக்குக் காத்திருக்காமல் குழந்தையை என் மடியில் வைத்தாள்.

காது குத்த வந்த ஆசாரி பெட்டியைத் திறந்தார். தங்கக் கம்பியை எதிர்பார்த்தேன். வெளியே வந்தது ஒரு குட்டி மெஷின், துப்பாக்கி மாதிரி. 'கம்பி இல்லையா? காலங்காலமாகக் கம்பியில்தானே...' என்று வாய் வரை வந்தது. என் விரல்களைப் பார்த்தேன். கிரீஸ். வாயை மூடிக்கொண்டேன். டப், டப். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் வேலை முடிந்திருந்தது.

போட்டோவில் குழந்தையின் புதுப் பட்டுப்பாவாடையில் என் கட்டைவிரல் அடையாளம் கறுப்பாகத் தெரிகிறது. வசந்தா அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறாள்.

என் கருத்து மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. கியர் மாற்ற எதற்குப் பேட்டரி என்று இன்றைக்கும் கேட்பேன். மூன்று சைக்கிளுக்கு மூன்று செயின் செய்து விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. இந்த ஞாயிறும் கணேசனோடு அதைப் பற்றி நன்றாகச் சண்டை போட்டேன்.

ஆனால் என் பையில் இப்போது ஒரு மாத்திரை கவர் இருக்கிறது. மேலே 'கணேசன்' என்று எழுதியிருக்கிறேன். உள்ளே, அவருடைய கியர் பட்டனுக்குப் போடும் வட்ட பேட்டரி ஒன்று.

என் சைக்கிளில் அதைப் போட இடமே கிடையாது.