வெர்லின் ஹோமனும் என் மூன்று ஆக்ஸில்களும்

உடைந்த இரும்பைக் கையில் கொடுத்தால் வெர்லின் ஹோமன் முதலில் கட்டைவிரலில் எச்சில் தொட்டு உடைந்த முகத்தைத் துடைப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியாக அதன்மேல் பிடித்து வெயிலுக்குத் திருப்புவார். வண்டியை அப்போது ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பக்கத்தில் யாராவது எஞ்சினை உறுமவிட்டால், "அத அமத்துப்பா, படிச்சிட்டிருக்கேன்ல" என்பார்.

வயது அறுபத்துமூன்று. ஒஹையோவில் எங்கள் வட்டாரத்துப் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது வேலை. கோடை வந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு சந்தைத் திடலில் டிரக் இழுவைப் போட்டி. பாரம் ஏற்றிய சறுக்குவண்டியை மண்தடத்தில் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். போகப் போகப் பாரம் முன்னால் நகர்ந்து டிரக்கை அமுக்கும். அதிக தூரம் இழுப்பவருக்கு ஜெயம். மடக்கு நாற்காலி ஒன்றை எல்லா ஊருக்கும் தூக்கி வருவார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கழற்றிய போல்ட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும். மனிதர்களைத் திட்டுவார், இரும்பைத் திட்டவே மாட்டார்.

இந்த செப்டம்பரில் கடைசிப் போட்டி. அவரும் நானும் முந்நூறு அடியையும் முழுசாக இழுத்துவிட்டதால், ஒரு மணி நேரம் கழித்து இருவருக்கும் மட்டும், பாரத்தைக் கூட்டி, இன்னொரு சுற்று. அதில் ஜெயிப்பவருக்கு வருடக் கோப்பை. பதினோரு வருடமாக ஓட்டும் எனக்கும் அது கிடைத்ததில்லை, முப்பது வருடமாக ஓட்டும் அவருக்கும் கிடைத்ததில்லை. இந்த லட்சணத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டிய கையோடு என் வண்டியின் இடப்பக்கப் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் டக்கென்று முறிந்தது. இந்தக் கோடையில் மூன்றாவது.

என் வீட்டுக்காரர் கர்ட் புது ஆக்ஸிலோடு ஓடி வந்தார். "இந்தத் தடவ இன்னும் தடியா வாங்கியிருக்கேன் ரோசான். இது ஒடையாது."

யாரும் கூப்பிடாமலே வெர்லின் வந்து நின்றார். எச்சில், கண்ணாடி, வெயில். "தடியா போட்டாலும் இதே கதிதான். இது இன்னிக்கு ஒடஞ்சதில்லம்மா. பாரு, கிளிஞ்சல் மாதிரி வரி வரியா இருக்கு. வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமா அத்துக்கிட்டே வந்திருக்கு."

ஆக்ஸிலை மூடியிருக்கும் குழாயோரம் நூல் பிடித்தார். நடுப்பகுதியில் நூலுக்கும் குழாய்க்கும் இடையே ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி. சரியாக அந்த இடத்தில்தான் ஒரு இரும்புத் தாங்கி பற்றவைக்கப்பட்டிருந்தது.

"இந்த வெல்டிங் யாரு வெச்சது?"

"நான்தான். குளிர்காலத்துல" என்றேன்.

"ஒரே மூச்சுல இழுத்துட்டியா?"

"ஆமா."

"நெனச்சேன். ஆறும்போது வெல்டிங் குழாயத் தன் பக்கமா இழுத்து வளைச்சிருச்சு. உள்ள ஆக்ஸில் ஒவ்வொரு சுத்துக்கும் வளைஞ்சு வளைஞ்சு நிமிருது. கம்பிய ஆட்டி ஆட்டி ஒடிப்போமே, அதேதான். நல்லா வேல பாத்த போ."

கோடை முழுக்க ஆக்ஸில் செய்தவனைச் சபித்துக்கொண்டிருந்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஒங்களுக்கு எதுக்கு வெர்லின் இந்த வேல? நான் வரலன்னா கோப்பை ஒங்களுக்குத்தானே?"

"நின்னுபோன வண்டிய ஜெயிச்சேன்னு வெளிய சொல்லிக்க முடியுமா? வாய மூடிட்டு ஈரச்சாக்கு கொண்டா."

வெல்டிங்குக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், காசளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சினார். ஈரச்சாக்கை வைத்து அழுத்தினார். நீராவி அடங்கியதும் நூல். இடைவெளி பாதியாகியிருந்தது. சூடு வளைத்ததைச் சூட்டை வைத்தே நிமிர்த்துகிறார் மனுஷன். மூன்றாவது தடவை நூல் குழாயோடு ஒட்டி நின்றது. வழக்கமாகச் சுத்தியலால் தட்டித்தான் ஆக்ஸிலை உள்ளே ஏற்றுவோம். அன்று கர்ட் இரண்டு விரலால் தள்ள, வழுக்கிக்கொண்டு போனது. வெர்லின் கையைத் துடைத்துக்கொண்டு தன் வண்டியைப் பார்க்கப் போனார். அதற்கு அவருக்கு மிச்சமிருந்தது பத்தே நிமிடம்.

அவர் முதலில் இழுத்தார்: இருநூற்று எண்பத்தாறு அடி. நான் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டியது. அவ்வளவும் அந்த மனிதர் கொடுத்தது. என்ன சொல்லி நன்றி சொல்வதென்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இறங்கினால், பரிசளிப்புக்கென்று வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு அவரே எதிரில் வருகிறார். கையை நீட்டினேன். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. அந்தச் சட்டையோடு மண்ணில் மல்லாந்து, என் வண்டிக்கு அடியில் புகுந்து, இடப்பக்கக் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கிடந்தார்.